மோந்து பார்த்த டீ

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையைக் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் பூனைக்கு எலியைக் காவல் வைத்தார்கள். பூனை என் அப்பா. எலி நான். திருவொற்றியூரில் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டினார். துறைமுகத்துக்குள் நுழைய லாரிகள் வரிசையில் நாள்கணக்கில் நிற்கும். நிற்கிற நேரத்தில் குடித்தவர், பிறகு நிற்காத நேரத்திலும் குடித்தார். ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிமேல் குடித்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் சொன்னபோது நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அதிலிருந்து அப்பா கையில் எந்தத் தம்ளரை எடுத்தாலும் ஓடிப்போய் மோந்து பார்ப்பேன். தண்ணீரானாலும் சரி, மோரானாலும் சரி. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பயம்தான் சொல்லித்தந்தது.

ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர் அம்மாவிடம் ஒரு வழி சொன்னார். குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டையில் ஓரிடத்தில் கூடிப் பேசுகிறார்களாம். வீட்டு ஆட்களும் கூடப் போகலாமாம். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையில் லீவு ஏது? என்னைத் துணைக்கு அனுப்பினாள்.

"நைனா கைய உட்டுடாத. வழில அந்தப் பஞ்சர் கடைக்காரன் வந்தான்னு வையி, நைனாவ இஸ்துகினு நேரா வூட்டுக்கு வந்துரு."

பஞ்சர் கடைக்காரர் அப்பாவின் குடித் தோழர். எங்கள் வீட்டில் பேய்க்கு மறுபெயர் அதுதான். அவருடைய பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே ஓடிப்போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடுவேன். சில மாதங்களாக ஆளைக் காணோம்.

பஸ்ஸை விட்டு இறங்கினோம். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு மாடி என்பதற்குமேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்குப் போர்டு வைக்க மாட்டார்கள், வந்து போகிறவர்களின் மானம் போய்விடும் அல்லவா? விசாரிக்கலாம் என்றால், குடிகாரர்கள் கூடுகிற இடம் எது என்று எந்த வாயால் கேட்பது? அப்பா கேட்கவில்லை. அந்தத் தெருவிலேயே மேலும் கீழும் நடந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஒயின்ஷாப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. தேடிப்போன இடத்துக்குப் போர்டு இல்லை, தேடாத இடத்துக்குத் தெருவையே அடைத்துக்கொண்டு போர்டு. கடைசியாக அப்பா அதன் எதிரில் நின்றுவிட்டார். முகமெல்லாம் வேர்த்தது.

"நைனா, போலாம்."

"இரு பாப்பா."

அப்போது பின்னால் அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

"இன்னா மாமு, எடம் தெரிலயா? வா, நான் இட்டுகினு போறேன்."

பஞ்சர் கடைக்காரர்! அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா அவர் பின்னால் நடந்தார். "வூட்டுக்குப் போலாம் நைனா!" என்று முழு பலத்தோடு இழுத்தேன். லாரி ஓட்டுகிறவரை ஒரு நாலாங்கிளாஸ் பிள்ளை இழுத்து நிறுத்த முடியுமா? மிளகாய் நெடி அடிக்கும் ஒரு குடோன் பக்கத்தில் குறுகலான படிக்கட்டு. இன்றைக்கு அப்பா செத்துப்போய்விடுவார் என்று அழுதுகொண்டே ஏறினேன்.

மேலே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சர் கடைக்காரர் உரிமையோடு ஒரு பிளாஸ்கைத் திறந்து பேப்பர் கப்புகளில் ஊற்றினார். அப்பாவுக்கும் ஒன்று. அது அவர் வாய்க்குப் போகுமுன் பிடுங்கி மோந்து பார்த்தேன். அந்த மனிதரை நம்ப முடியாமல் ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். நாக்கு வெந்துபோனது. டீதான்.

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பஞ்சர் கடைக்காரர் என் எதிரில் குந்தித் தன் கப்பை நீட்டினார்.

"மாமாவோடதையும் மோந்து பாரு பாப்பா. எம்பொண்ணும் இப்டிதான் பாத்துகினு இருந்துச்சி. அவங்கம்மா இட்டுகினு பூட்டா."

மோந்து பார்த்தேன். அதுவும் டீ. பக்கத்தில் இருந்த பெண்மணி தன் கப்பை நீட்டினார். அப்புறம் கண்ணாடி போட்ட ஒருவர். அப்படியே வட்டம் முழுக்க நீட்டினார்கள். நானும் ரேஷன் கடைக்கு வந்த ஆபீசர் மாதிரி ஒன்று விடாமல் சோதித்து, "எல்லாம் டீதான்" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையைத் தூக்கவில்லை.

ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லித் தங்கள் கதையைப் பேசினார்கள். அப்பா எழுந்தார், பெயரைச் சொன்னார், அதற்குமேல் வராமல் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போதும் அதே தெரு, அதே ஒயின்ஷாப். கிட்டே வர வர அப்பாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. எலும்பு நொறுங்கிவிடும் போல வலித்தது. அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன், அந்தக் கோபம், வீட்டுக்குப் போனதும் அடி நிச்சயம் என்று நினைத்தேன். கையை உருவப் பார்த்தேன், விடவில்லை. பஸ்ஸிலும் விடவில்லை.

வீட்டில் அம்மா முதலில் அப்பாவின் வாயை மோந்து பார்த்தாள். பிறகுதான் என் மணிக்கட்டில் பதிந்திருந்த விரல் தடங்களைக் கவனித்தாள்.

"இன்னாடி இது?"

"ஒயின்ஷாப்பாண்ட வரசொல்லோ நைனா புடிச்சாரு. எம்மேல கோவமா கீறாரு."

அம்மா தேங்காயெண்ணெயைத் தொட்டு அந்தத் தடங்களின்மேல் தடவினாள். அப்புறம் என் இன்னொரு கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடுத்த ஞாத்திக்கெயம இந்தக் கைய குடு."

அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல் மறு கையையும் கொடுக்கச் சொல்கிறாளே, இவளெல்லாம் ஒரு அம்மாவா என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.