ஐம்பத்தோராவது வாரத்தோடு நின்ற கதை

சென்ற ஆண்டு ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. சவ்வாது மலையில் சாரல். குடையை விரித்தால் காற்று பிடுங்கியது, மடக்கினால் சட்டை நனைந்தது. அமிர்தி வழியாகப் பேருந்தில் வந்தபோது வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். தலை சுற்றலில் இருபத்தாறுக்கு மேல் கணக்கு விட்டுப்போயிற்று. துணைக்கு என் மகள் வந்திருந்தாள்.

மலை மேல் ஒரு பள்ளியில் அன்று இரண்டு படங்கள் திரையிட்டார்கள். காலையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம். மதியம், அதையே இப்போது புதிதாக எடுத்த படம். இரண்டுக்கும் மூலம் ஒரே நாவல். அது வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோதே படித்தவன் நான். வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தும் வைத்திருக்கிறேன். அதனால் மாலையில் ஒப்பிட்டுப் பேச என்னை அழைத்திருந்தார்கள். அழைத்தவர் அந்தப் பள்ளியின் தமிழாசிரியை. அந்த மலையிலேயே பிறந்தவர்.

கதை இதுதான். மலைப் பெண் ஒருத்தியை அடிவாரத்துப் புளி வியாபாரி கட்டிக்கொள்கிறான். அவன் கை நீட்டுகிறவன். அவள் தாய் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பழைய படத்தில் கடைசியில் அழுதுகொண்டே கணவனிடம் திரும்பிப் போகிறாள். புதிய படத்தில், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பரியப் பணத்தை ஊர்ப் பெரியவர்கள் முன் வைத்துவிட்டு மலையிலேயே தங்கிவிடுகிறாள்.

எனக்கு அது வெறும் கதை இல்லை. ஒடுகத்தூரில் கட்டிக்கொடுத்த என் மகளும் ஏழு மாதமாகக் கண்ணமங்கலத்தில் என் வீட்டில்தான் இருந்தாள். காரணமும் அதேதான். தெரிந்திருந்தும் வாரத்துக்கு மூன்று முறையாவது, திரும்பிப் போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய எழுத்தாளரே அப்படித்தானே முடித்திருக்கிறார் என்று அந்த பைண்டு புத்தகத்தை அவளிடம் படிக்கவும் கொடுத்திருந்தேன்.

பழைய படத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டே மலை இறங்கியபோது கூடத்தில் சலசலப்பு. பக்கத்தில் இருந்த மலைவாசிப் பெரியவர் என்னிடம் குனிந்தார்.

"எங்க மலையில பரியத்தத் திருப்பிக் குடுத்துட்டா உறவு முடிஞ்சிபோச்சி. இதுக்கு ஏங்க அந்தப் பொண்ணு இவ்ளோ அழுவுது?"

நாவலிலேயே அப்படித்தான் என்றேன்.

"அப்ப எழுதனவரு மலைக்கே வந்ததில்ல போல" என்றார் அவர்.

நாலு மணிக்கு நான் பேசினேன். இரண்டு படங்களுக்கும் முப்பத்தேழு வித்தியாசங்களை எழுதி வைத்திருந்தேன். முப்பத்தேழாவது, முடிவு. புதிய படம் மூலத்துக்குத் துரோகம் செய்துவிட்டது என்று மேசையைத் தட்டியே சொன்னேன். மூலத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டலாம் என்று ஆசிரியை என் புத்தகத்தை வாங்கினார். பிரித்தவர் படிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, இதுல கதை முடியலீங்களே. அடுத்த இதழில் முடியும்னு போட்டுருக்குதுங்க."

வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அங்கேயே அத்தியாயங்களை எண்ணினேன். ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டாவது வாரம் வேலைத் தேர்வுக்காகச் சென்னை போயிருந்ததும், திரும்பி வந்தபோது கடையில் பத்திரிகை தீர்ந்திருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் கழித்துப் பார்த்த அந்தப் பழைய படத்தின் முடிவு அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருடம், பக்கங்களை எண்ணாமல் ஒரு பத்திரத்தைக்கூடக் கையை விட்டு அனுப்பாதவன் நான்.

அப்படியானால் நாவல் எப்படித்தான் முடிகிறது? கூடத்தில் எவரும் படித்திருக்கவில்லை. புத்தகம் இப்போது அச்சில் இல்லை, தானும் தேடிப் பார்த்ததாக ஆசிரியை சொன்னார். பழைய படம் மாற்றியதா, புதிய படம் மாற்றியதா, இரண்டுமே மாற்றினவா? ஒன்றும் புரியாமல் மைக் முன் நின்றேன். எத்தனை நிமிடம் என்று எண்ணத் தோன்றவில்லை.

திரும்பும் பேருந்தில் மகளிடம், நீ படித்தாயே, கவனிக்கவில்லையா என்று கேட்டேன்.

"சித்திரையிலயே பார்த்துட்டேன் நைனா."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த ஒரு வாரத்தத் தேடிக்கினு கிளம்பியிருப்பீங்க." சாரல் அடித்த ஜன்னலின் ஷட்டரை இறக்கினாள். "அது எப்படி முடிஞ்சிருந்தா இன்னா நைனா? அடி வாங்கனது நானு."



ஆனாலும் தேடினேன். பழைய புத்தகக் கடைகள் நான்குக்கு எழுதினேன். மூன்று பேர் பதில் போடவில்லை, ஒருவர் இல்லை என்றார். அந்தப் பதிலைப் படித்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. ஒருவேளை கிடைத்து, அதில் அவள் திரும்பித்தான் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அதுவும் தெளிவாகவில்லை.

மலைக்குப் போய் வந்த இருபத்திரண்டாம் நாள் டெம்போவோடு ஒடுகத்தூர் போனேன். பீரோ, கட்டில், தையல் இயந்திரம் என்று மகளின் சாமான்கள் பதினான்கு உருப்படி. மருமகன் வாசலில் நின்றார். பதினான்கையும் எண்ணி ஏற்றி, கண்ணமங்கலத்துக்குக் கொண்டுவந்தேன். எழுபத்துநான்கு வயதில், எது சரி என்று எந்தப் புத்தகத்திலும் பார்க்காமல் நான் துணிந்து செய்த ஒரே காரியம் அதுதான். டெம்போ வாடகை மூவாயிரத்து இருநூறு, ஏற்றி இறக்கியதற்கு ஆயிரத்து நானூறு, டீ அறுபது, ஆக மொத்தம் நாலாயிரத்து அறுநூற்று அறுபது ரூபாய் ஆயிற்று.