பச்சைத் துணியில் ஒரு பெரிய ஏணை

காலை நான்கு இருபதுக்குக் கண் விழித்தேன். முதலில் தெரிந்தவை நுளம்புகள். முகத்துக்கு ஒரு சாண் மேலே, வலையின் வெளிப்புறத்தில், ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் வெயில் ஏற்கெனவே வந்துவிட்டது. நோர்வேயின் கோடை அப்படித்தான். வீடும் கட்டிலும் இருக்க, இந்த நாட்டவர் லீவு எடுத்துக்கொண்டு வந்து காட்டில் படுக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் ஏரிக்கரைக்குப் புறப்பட்டபோது நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு மரங்களுக்கிடையில் கட்டும் தொங்குபடுக்கையை அவர்கள் ‘ஹெங்கெகோயே’ என்கிறார்கள். அவர்களுடையவை கடையில் வாங்கியவை. வலை வைத்த என்னுடையதை நானே தைத்தேன்.

கோப்பி ஊற்றும்போது அவர்களில் ஒருத்தியான மாரித் அதன் தையலைத் தடவிப் பார்த்தாள்.

“எங்கே பழகினாய்?”

“ஊரில், யுத்த நேரம். கணவருக்காகத் தைத்தேன்.”

அவள் குரல் தாழ்ந்தது. “அவர் போராளியா?”

“இல்லை. நெல்லுக்குக் காவல்.”

“யாரிடமிருந்து?”

“பன்றியிடமிருந்து.”

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் உரக்கச் சிரித்தாள். திருத்த எனக்கு நோர்வேஜிய மொழி போதவில்லை.

களுவாஞ்சிக்குடிக்கு மேற்கே, வாவிக்கு அப்பால் எங்கள் நெல்வயல் வட்டை. கதிர் முற்றும் காலத்தில் இரவெல்லாம் வயலில் ஆள் இருக்க வேண்டும். நிலம் ஈரம், வெறும் பாயில் படுக்க முடியாது. கணவருக்கு மலேரியா இரண்டு முறை வந்துவிட்டது. மூன்றாவது முறை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காவலுக்குப் போகாவிட்டால் அந்தப் போகம் இல்லை.

காத்தான்குடிக் கடையில் மூன்றரை யார் தடித்த துணி வாங்கினேன். இரண்டு முனையையும் மடித்து, கயிறு நுழையும் அளவுக்குக் குழாய்போலத் தைத்தேன். பாரம் முழுவதும் அங்கேதான் விழும் என்பதால் அதன்மேல் மூன்று தடவை மெஷினை ஓட்டினேன். பழைய நுளம்பு வலையை வெட்டி விளிம்பு நெடுகப் பொருத்தினேன். ஏறி இறங்கும் பக்கத்துக்கு, கிழிந்த பாடசாலைப் பையில் இருந்த சிப். வலை முகத்தில் விழாமல் இருக்க மேலே இன்னொரு கயிறு.

கொடியில் பிள்ளைத் தொட்டில்போலத் தொங்கியதைப் பார்த்த மாமிக்கு, கணவரின் தாய்க்கு, சிரிப்பு அடங்கவில்லை. “என்னகா, காவலுக்குப் போற ஆம்பிளைக்கு ஏணையா? பண்டி வந்து ஆட்டிவிடுமா?”

துணியின் நிறம் பச்சை. சேறு பட்டாலும் தெரியாது என்று எடுத்தேன். காட்டில் இருக்கும் இயக்கப் பெடியன்கள் இப்படியான படுக்கையில்தான் படுக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தைத்த மூன்று நாளும் அது நினைவுக்கு வரவில்லை.

முதல் நாளே, படுக்கையோடு வயலுக்குப் போன அவரை ஆமியின் காவலரணில் பிடித்துவிட்டார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிப் பிடிபட்டவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. ஐந்து மாத மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமி பின்னால் வந்தார்.

கணவர் வெயிலில் முழங்காலில் இருந்தார். படுக்கை மண்ணில் விரித்துக் கிடந்தது.

“மொகத மேக?” என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி. தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன், “இது என்ன எண்டு கேக்கிறார்” என்றான்.

“ஏணை. நான்தான் தைச்சன்.”

சிப்பாய்க்கு அந்தச் சொல் தெரியவில்லை. நான் படுக்கையை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. காவலரணின் இரண்டு மரத்தூண்களிலும் கயிற்றைக் கட்டி, கையால் இழுத்துப் பார்த்து, மகளை உள்ளே கிடத்தினேன். சிப்பை மூடி ஆட்டினேன். வழி முழுக்க அழுதவள் நிறுத்திவிட்டாள். அவ்வளவு பெரிய துணியின் நடுவில் ஒரு பூசணிக்காய் அளவுக்குத்தான் இருந்தாள்.

அதிகாரி துணியின் நீளத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ சொன்னார்.

“பிள்ளை சின்னன், இது பெரிசு எண்டு சொல்றார்.”

நான் வாய் திறக்குமுன் மாமி முந்திக்கொண்டார். “ஏன் மனே, புள்ள வளராதா?”

சிப்பாய் மொழிபெயர்த்தான். முதலில் சிரித்தவன் அவன்தான். பிறகு தூணில் சாய்ந்து நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் அடையாள அட்டையைக் கணவர் கையில் திருப்பிக் கொடுத்தார். படுக்கை மட்டும் இங்கே இருக்கட்டும் என்றார்.

மகளை எடுத்துக்கொண்டு நடந்தோம். பாலம் தாண்டியதும் மாமி சொன்னார்: “மறுகா பச்சையில துணி எடுத்துப் பாரு, கைய முறிச்சிப்போடுவன்.” கணவருக்குச் சிரிப்பு வந்தது. சைக்கிளை உருட்ட முடியாமல் நின்று சிரித்தார். நான் தெருவோரம் இருந்துவிட்டேன்.

அந்த ஆண்டு முடியுமுன் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். கொழும்புக்குப் போகும் பஸ்ஸை அதே காவலரணில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். மண்மூட்டைகளுக்குப் பின்னால் நான் தைத்த படுக்கை கட்டியிருந்தது. உள்ளே சிப்பாய் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். கால்மாட்டில் வலை ஒரு கை அகலத்துக்குக் கிழிந்து, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது.