ஷைனி டீச்சருக்குக் கிடைத்த ஆய்வு இடம்

செவ்வாய்க்கிழமை காலை, பாறசாலையில் நான் கணக்கு எடுக்கும் டுட்டோரியலில் முதல் வகுப்பு தொடங்கியிருந்தது. ஷைனி டீச்சரின் தம்பி போன் செய்தார். "சாறே, அக்கா போயாச்சு" என்றார். பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு வராந்தாவில் வந்து நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

குன்னத்துகாலைச் சேர்ந்த டீச்சர் எங்கள் டுட்டோரியலில் வேதியியல் எடுத்தார். அப்பா இறந்த வருடத்தில் தவறவிட்ட தாள்களைப் பிறகு எழுதித்தான் பி.எஸ்சி. தேறினார், மதிப்பெண் குறைவு. எம்.எஸ்சி.யில் நன்றாகவே தேறியும், முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்த இடமெல்லாம் அந்தப் பழைய மதிப்பெண்ணையே பார்த்தார்கள். உதவித்தொகை இல்லாமல் சேர வழியில்லை. அம்மாவும் தம்பியும் அவர் சம்பளத்தில்தான் இருந்தார்கள். சபையில் மேல்படிப்புக்காக ஜெபிக்கப்படுவோரில் அவர் பெயர் வருடக்கணக்காக வாசிக்கப்பட்டது. கூட வாசிக்கப்பட்ட பிள்ளைகள் படித்து முடித்து, கல்யாணமும் கட்டிப் போனார்கள்.

டீச்சர் ஜெபத்தோடு நிறுத்தவில்லை. ஞாயிறு மதியம் கள்ளிக்காடு என்ற ஊருக்குப் போய், அங்குள்ள அணைத் தண்ணீரைக் குப்பிகளில் எடுத்துவந்து எங்கள் சின்ன ஆய்வகத்தில் சோதிப்பார். ஒருநாள் தாகத்தில் நான் ஒரு குப்பியை எடுத்துக் குடித்துவிட்டேன். "சாறே, ஒரு மாசத்து வேலையாக்கும் நீங்க குடிச்சது" என்றார். அதற்குமேல் கோபப்படத் தெரியாதவர்.

அந்தச் சோதனை முடிவுகளை வடக்கே ஓர் ஆய்வு நிறுவனப் பேராசிரியருக்கு அனுப்பினார். நேர்முகத்துக்கு அழைத்தார்கள். பட்டப்படிப்பில் ஏன் இவ்வளவு குறைவு என்று அங்கேயும் கேட்டார்களாம். "அது பத்தொம்பது வயசுக்காரிக்க மார்க்கு, இப்போ வந்திருக்கது நானாக்கும்னு இங்கிலீசில சொல்லிப்போட்டேன் சாறே" என்றார். உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

சேர்வதற்கு முந்தைய மாதம், ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். நிறுவனம் ஒரு வருடம் இடத்தை வைத்திருந்தது. அதற்குமேல் விதி இல்லையாம். சபையில் அவர் பெயரை நோயாளிகளோடு சேர்த்து வாசிக்கத் தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "அந்த இடத்துக்கு ஆளை எடுத்தாச்சா?" என்று கேட்டார். எடுத்துவிட்டார்கள் என்றேன். "நல்ல மார்க்கு உள்ள பிள்ளையா?" என்றார். தெரியாது என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர், "நாம் கேட்டதைவிட மேலானதை ஆண்டவர் நம் சகோதரிக்கு அருளினார்" என்றார். தலைகுனிந்து நின்றோம். பெட்டியின் பக்கத்தில் இருந்த டீச்சரின் அம்மா, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: "மேலானது ஒண்ணும் அவ கேக்கல்லியே, அய்யா. படிக்கணும்னு மட்டுந்தானே கேட்டா."

போதகர் புத்தகத்தை மூடிக்கொண்டார். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். டீச்சர், உங்களுக்கு நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்பத்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மா சொன்னதற்குமேல் என்னிடம் ஒன்றுமில்லை. போய் வாருங்கள்.