முழு மதிப்பெண் வாங்கிய ஒத்திகை

மார்லிஸ் ஹாவ்லண்ட் அமெரிக்காவின் மினசோட்டாவில் எங்கள் சின்ன ஊர்ப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் பத்தொன்பது வருடங்களாகப் பரிமாறுகிறாள். முடியாது என்று சொல்லத் தெரியாதவள். துப்பாக்கிக்காரன் புகுந்தால் என்ன செய்வது என்ற ஒத்திகைக்கு ஒரு துப்பாக்கிக்காரன் தேவைப்பட்டதும், தலைமையாசிரியர் குவாம் நேரே சமையலறைக்கு வந்தார்.

"கதவுப் பிடியை ஆட்டணும், 'திற'ன்னு கத்தணும். அவ்வளவுதான்."

"அடுப்புல உருளைக்கிழங்கு இருக்கே சார்?"

"பத்து நிமிஷ வேலைங்க."

முதல் ஒத்திகை மானத்தை வாங்கிவிட்டது. மார்லிஸ் ஒவ்வொரு கதவையும் மெல்லத் தட்டி, "மன்னிக்கணும், தொந்தரவு இல்லன்னா கொஞ்சம் திறக்கிறீங்களா?" என்றாள். எங்கள் ஊரில் கொலைகாரனும் அப்படித்தான் கேட்பான். ஒன்றாம் வகுப்புக் கதவு திறந்தது. திறந்தவன் எம்மெட் என்ற பொடியன்.

"மார்லிஸ் மிஸ்ஸ வெளியில நிக்க வைக்கறது மரியாதையா?"

ஒத்திகைக்கு மதிப்பெண் போட வந்திருந்த பயிற்சி நிறுவனத்து ஆள் 'பதினேழு பேர் மரணம்' என்று எழுதிக்கொண்டார். அந்தப் பதினேழு பேரும் மதியம் தட்டோடு வந்து இரண்டாம் தடவை ஆப்பிள் கேட்டார்கள். ஆனால் அவர்களுடைய டீச்சர் லினியாவுக்குச் சரியான திட்டு. தன்னால்தானே என்று மார்லிஸுக்கு மனசு ஆறவில்லை. அடுத்த முறை ஒரு கதவும் திறக்கக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

பிப்ரவரியில் இரண்டாம் ஒத்திகைக்குக் கரண்டியும் கையுமாகக் கிளம்பினாள். கதவு அதிர அடித்தாள். "திறங்கடா!" என்று அவள் போட்ட கூச்சலில் அவளுக்கே உதறல் எடுத்தது. எந்தக் கதவும் அசையவில்லை. பெருமையோடு திரும்பினால், ஒன்றாம் வகுப்பு வாசலில் எம்மெட் நிற்கிறான். கழிப்பறைக்குப் போனவன் வருவதற்குள் பூட்டிவிட்டார்கள். பூட்டினால் யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்பது விதி.

"மிஸ், இப்ப என்னைச் சுடுவீங்களா?"

"இல்லடா கண்ணு."

"அப்ப நானும் தட்டவா?"

அவனே தட்டினான். "டீச்சர், நான் எம்மெட்! நெசமா நான்தான்!"

கதவு திறக்கவில்லை.

மார்லிஸ் கரண்டியை இடுக்கிக்கொண்டு தானும் தட்டினாள். இந்த ஒரு கதவு திறந்துவிட வேண்டுமே என்றிருந்தது. "லினியா, பையன் வெளியில மாட்டிக்கிட்டான்மா. சத்தியமா. திற!" என்றாள்.

"அடேயப்பா, என்னமா நடிக்கிறீங்க!" என்றார் பின்னால் வந்த நிறுவனத்து ஆள். "அப்படியும் ஒருத்தர்கூட ஏமாறல பாருங்க. முழு மதிப்பெண்!"

எம்மெட் தட்டுவதை நிறுத்தினான். "சரியாத்தானே பண்ணியிருக்காங்க மிஸ்?"

"சரியாத்தான்டா" என்றாள் மார்லிஸ். அந்த ஆளைக் கரண்டியாலேயே சாத்தலாம் போலிருந்தது.

மணி அடித்ததும் கதவு திறந்தது. லினியா முழந்தாளிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். முகமெல்லாம் கண்ணீர்.

"உன் குரல்தான்னு எனக்குத் தெரியும்டா செல்லம். தட்டினப்பவே தெரியும்."

எம்மெட் ஓரடி பின்வாங்கி, துப்பாக்கிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டான்.