அறுபது கிலோ புருஷன்

மனிதனை அடித்துத் துவைப்பதற்கு முன்பே பிழிந்து காயப்போடும் தொழில் உலகத்தில் ஒன்றுதான் உண்டு: கிக் பாக்ஸிங். வேலப்பன்சாவடியில் அப்படியொரு பயிற்சி மையத்தின் வரவேற்பு மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே காய்கிறவர்களில் ஒருவர் என் கணவர் பிரபு. மற்ற நாட்களில் அவர் அறுபத்தெட்டு கிலோ, போட்டி என்றால் மட்டும் அறுபது. கீழ் எடைப் பிரிவில் இறங்கினால் எதிராளி சின்ன ஆளாக இருப்பானாம். அதற்காகச் சோற்றை விடுவார்கள், கடைசியில் தண்ணீரையும் விடுவார்கள். போட்டிக்கு முதல் நாள் எடை காட்டிவிட்டால் மறுநாள் சண்டைக்குள் தின்று குடித்து ஊதிக்கொள்ளலாம் என்று கணக்கு.

கான்வென்டில் நாங்களும் தவக்காலத்தில் பட்டினி கிடந்தோம். ஆனால் அதன் முடிவில் யாரும் முகத்தில் குத்தவில்லை. குழந்தை தூங்கிவிட்டது, எனக்குத் தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு வயிற்றில் நெருப்போடு திரியும் சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

கத்திரி வெயிலில் மழைக்கோட்டு

போன போட்டிக்கு முந்தின வாரம். ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கம் காரை வெயிலில் நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஹீட்டரைப் போட்டு, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார் பிரபு. வியர்வை வரவேண்டுமாம். நான் இடுப்பில் குழந்தையோடு மரத்தடியில் காவல். உயிரோடு இருந்தால் அவ்வப்போது கண்ணாடியைத் தட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். தாலி கட்டும்போது இந்த நிபந்தனையை யாரும் சொல்லவில்லை.

டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் ஒருவர் காரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா, இன்னும் வராத மழைக்கு இப்பவே சீட் போட்டு உக்காந்துகினு கீறாரு?"

கல்யாணப் பெண்ணுக்குக் கிடைக்குமா

அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா விசாரிக்க வந்தார். என் எதிரே பிரபு சூயிங்கம் மென்று மென்று ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டிருந்தார். எச்சிலுக்கும் எடை உண்டல்லவா, அதை உடம்பில் வைத்திருப்பது வீண்செலவு. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. அந்த அம்மா பயந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு பிரபு பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்.

"எம்பொண்ணுக்குத் தையில கல்யாணம்மா. தம்பிக்குப் போட்ட அதே கோர்ஸைப் போடுங்க."

ரப்பர் தரையின் கருணை

எங்கள் மையத்தில் தரை முழுக்கத் தடித்த ரப்பர் மெத்தை. விழுந்தால் வலிக்கக் கூடாதே. புது எடை மெஷினையும் அதன் மேலேயே வைத்திருந்தார்கள். ஆள் ஏறினால் மெஷின் மெத்தைக்குள் அமுங்கும், அதன் அடிவயிறு மெத்தையில் தட்டும், பாரத்தில் ஒரு பங்கை மெத்தை வாங்கிக்கொள்ளும். எல்லோருக்கும் குறைத்துத்தான் காட்டியது. பிள்ளை பெற்ற பிறகு நானே அதில் ஏறி மகிழ்ந்திருக்கிறேன், ஆகவே யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை.

போட்டி நசரத்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில். எடை பார்க்கும் நாள் காலையில், மெத்தை மெஷினில் சரியாக அறுபது காட்டிவிட்டுப் போன பிரபு, மண்டபத்து சிமென்ட் தரையில் இருந்த மெஷினில் ஏறினார். ஏறக்குறைய இரண்டு கிலோ அதிகம். எடையைக் குறைத்துவர மதியம் வரை அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் மாஸ்டர் மெஷினையே முறைத்துவிட்டுச் சொன்னார்: "இவனுங்க தரை சரியில்ல."

மாப்பிள்ளை அறை

மாப்பிள்ளை அறைக் குளியலறையில் பெரிய டப்பில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், அதில் கல் உப்பு. பிரபுவை அதில் உட்காரவைத்தார்கள், எடுத்துக் கம்பளியில் சுற்றினார்கள், மறுபடி உட்காரவைத்தார்கள். கதவருகே நின்ற நான், "ஒரு வாய் தண்ணியாவது குடுங்க மாஸ்டர்" என்றேன். "ஒரு வாய் தண்ணியும் வெயிட்டுதாம்மா" என்றார்.

கம்பளியை விலக்கி நெற்றியைத் தொட்டேன். அடுப்புமாதிரி கொதித்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. பேச்சுக் கொடுத்தால் பேசுவார் என்று குழந்தையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். அது சிரித்தது. அவர் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "யார் கொழந்தைங்க இது?"

ட்ரிப்ஸின் எடை

ஆட்டோவைக் கூப்பிட்டது நான். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிப்போனது மண்டபத்துச் சமையல்காரர்கள். மாஸ்டரும் ஓடிவந்தார், கவலையோடுதான். அவர் கவலை வேறு.

டாக்டர் ஈரத்துணி போர்த்தி, ஃபேனைத் திருப்பி, ஊசியைக் கையில் எடுத்தார். உடம்பு வியர்ப்பதையே நிறுத்திவிட்டது, கிட்னி வேலையைக் குறைத்துக்கொண்டது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கூட்டிவந்தும் பிரயோசனம் இல்லை என்றார். மாஸ்டர் மட்டும் நிதானம் இழக்காமல் டாக்டரிடம் கேட்டார்: "ஒரே ஒரு தபா மெஷின்ல நிக்கவெச்சுட்டு, அப்பால ட்ரிப்ஸ் ஏத்தக் கூடாதா சார்?"

பக்கத்துக் கட்டில்

சாயங்காலம் பிரபுவுக்கு எங்கள் இருவரையும் அடையாளம் தெரிந்தது. சிறுநீரும் வந்தது. அதற்காக அழுத முதல் மனைவி நானாகத்தான் இருப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் மதியமே ஒரு பையனைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஒட்டிய கன்னம், வெடித்த உதடு, அதே ட்ரிப்ஸ். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன், எடை காட்டிவிட்டுப் படியிறங்கும்போது விழுந்தானாம். மறுநாள் பிரபுவோடு மோத வேண்டியவன் அவன்தான்.

"உன் நெஜ வெயிட் இன்னாடா?" என்று பிரபு ஈனக்குரலில் கேட்டார்.

"அறுபத்தெட்டு. உன்து?"

"அறுபத்தெட்டு."

பையன் பிரபு பக்கம் திரும்பிப் படுத்தான். "அப்ப ரெண்டு பேரும் துன்னுட்டே சண்ட போட்ருக்கலாமே அண்ணாத்தே."

இப்போது பிரபு மேல் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறார், மூன்று வேளையும் சாப்பிடுகிறார்; எதிராளியின் குத்துக்கு நடுங்கிக்கொண்டிருந்த நான், அவர் சோற்றில் ஒரு பிடியை ஒதுக்கி வைத்தால் நடுங்கும் அளவுக்கு முன்னேறியிருக்கிறேன்.