உடன்குடிக் கிணற்றுக்குள் யுரேனியம் தேடிய நாள்

பொங்கல் விடுமுறை முடிய மூன்று நாள் இருந்தபோது பிலோமினா ஒரு புகைப்படம் அனுப்பினாள். சாம்பல் நிற மணற்பாறைத் துண்டு. அதன் நடுவே விரல் தடிமனில் கரியாகிப்போன மரம். கீழே ஒரு வரி: "உடன்குடியில கெணறு தோண்டுத எடத்துல கெடச்சது. உனக்கு ஆவுமா?" மறுநாள் துறைத்தலைவரிடம் அனுமதிக் கடிதமும் காமா கதிர் அளக்கும் கருவியும் வாங்கிக்கொண்டு அன்று மாலையே தூத்துக்குடி ரயிலில் ஏறிவிட்டேன்.

இத்தனை அவசரம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். பதினோரு வருடமாக ஒரே பாடம்: யுரேனியம் நிலத்தடி நீரில் கரைந்து மணற்பாறைக்குள் மெல்ல நகரும், வழியில் புதைந்த மரமோ கரியோ எதிர்ப்பட்டால் அங்கே நீரை விட்டுப் பிரிந்து பாறையில் படிந்துவிடும். படிவுப் பாறையில் யுரேனியம் தேடுகிறவர்களின் கண் முதலில் போவது இந்த மாதிரிக் கரியின் மேல்தான். கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். நேரில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடி. ஸ்டேஷன் பக்கத்திலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு 7.50க்குத் திருச்செந்தூர் பஸ். நாற்பது கிலோமீட்டர், நாற்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். நான் பார்க்கவில்லை. மடியில் இருந்த கருவியைக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு புகைப்படத்தையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

பிலோமினா என்னோடு விடுதியில் தங்கிப் படித்தவள். ஊர் ஆலந்தலை, கணக்கு டீச்சர். திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவோடு நின்றாள். நாள் முழுக்க, காத்திருப்பும் சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய் என்று முன்பே பேசிவைத்திருந்தாள். முதலில் மணப்பாடு போகச் சொன்னேன், பதினெட்டு கிலோமீட்டர். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும்; அதற்கு அந்தக் கடற்கரையைவிட நல்ல இடம் கிடையாது.

மணற்பாறைக் குன்றுக்குக் கீழே, அலை ஒதுக்கிய கறுப்பு மணல் கோடு கோடாகக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் நொடிக்கு நாற்பது துடிப்பு காட்டிய கருவி இங்கே தொள்ளாயிரத்துக்கு ஏறிக் கீச்சிட்டது. ஆட்டோக்காரர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

"கெடச்சிட்டா?" என்றாள் பிலோமினா.

"இது தோரியம். கறுப்பு மணலோடு வருவது. யுரேனியத்தின் கதிர் வேறு அளவில் வரும், கருவி இரண்டையும் பிரித்துக் காட்டும்" என்றேன்.

"அப்போ இங்கன நிக்கலாமா டீச்சர்?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது அண்ணாச்சி" என்றேன். மனுஷர் இருந்தாலும் ஆட்டோவுக்குப் போய்விட்டார்.

பதினொன்றே காலுக்கு உடன்குடிக்கு வெளியே தங்கராஜ் அண்ணாச்சியின் முருங்கைத் தோட்டம். அவர் மகள் பிலோமினாவின் வகுப்பில் படிக்கிறாள். படம் அப்படித்தான் வந்தது. செம்மண்ணில் பதினெட்டு அடிக்குச் சிமெண்ட் உறை இறக்கியிருந்தார்கள். அதற்குக் கீழே பதினான்கு அடி வெறும் மணற்பாறை, அடியில் முழங்கால் அளவுத் தண்ணீர். பிலோமினா போனில் 'யுரேனியம்' என்று ஒரு வார்த்தை சொன்னதிலிருந்து வேலை நின்றுபோயிருந்தது.

அண்ணாச்சியின் மனைவி பொன்னுத்தாய் எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு நேராகக் கேட்டார்: "அது இருந்தா எங்களுக்கு என்ன டீச்சர் ஆவும்?"

"தண்ணீரில் அதிகமாகக் கலந்திருந்தால் குடிக்கக் கூடாதுக்கா. சிறுநீரகத்துக்கு ஆகாது."

"வேன்ல வார தண்ணிய கொடம் கொடமா வாங்கி அலுத்துப்போயித்தான் இந்தக் கெணத்தத் தோண்டுதோம். இல்லன்னு சொல்லிட்டுப் போங்க."

"அளக்காமல் எப்படிச் சொல்வது?"

"நீங்க அது இருக்கணும்னு வந்திருக்கிய. மொகத்தப் பாத்தாலே தெரியுது."

அது உண்மை.

கிணறு வெட்டுகிறவர் முதலில் விளக்கை இறக்கிக் காற்று நன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பலகை கட்டிய கயிற்றில் என்னை இறக்கினார்கள். இருபத்தேழாவது அடியில் அந்தக் கரி. பாறைக்குள் ஒரு கை நீளத்துக்கு, நகத்தால் கீறினால் உதிர்கிற கறுப்பு. கருவியை வைத்தேன். தோட்டத்தில் ஐம்பத்தைந்து காட்டியது, இப்போது நூற்று நாற்பது.

"இருக்குடி பிலோ! ரெண்டு மடங்குக்கு மேல!" என்று கத்திவிட்டேன்.

மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தில் நான்கு தலைகள் இருந்தன. பொன்னுத்தாயின் தலை விலகிப்போனது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. தரையில் நின்றால் பாறை காலுக்குக் கீழே மட்டும்; கிணற்றுக்குள் நான்கு பக்கமும் பாறை. எந்தக் கிணற்றில் இறங்கினாலும் எண் ஏறத்தான் செய்யும். முதலாமாண்டு மாணவிக்குச் சொல்லித்தருகிற விஷயம். நான்கு அடி மேலே இழுக்கச் சொல்லி, கரியே இல்லாத பாறையில் வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பத்து.

வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் நூற்றுப் பத்துக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவே ஒரு முப்பது மீதி நின்றதே. மறுபடி கீழே இறங்கி, இடத்துக்குப் பத்து நிமிடம் என்று மூன்று முறை மாற்றி மாற்றி அளந்தேன். தோரியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கரியில் ஏறியிருந்தது யுரேனியத்தின் எண் மட்டும், மூன்று முறையும். வெட்டி எடுக்கிற படிவு என்ற பேச்சுக்கே இடமில்லாத சொற்ப அளவு. ஆனாலும் என்றோ அந்தப் பாறை வழியாகப் போன நீர் இந்தக் கட்டையைத் தொட்டு, கொண்டுவந்ததில் கொஞ்சத்தை இங்கே விட்டுப் போயிருக்கிறது. கயிற்றில் தொங்கிக்கொண்டு நான் தனியாகச் சிரித்தேன்.

மேலே வந்ததும் முதலில் பொன்னுத்தாயிடம் போனேன். "தப்பாகக் கத்திவிட்டேன்க்கா. இருப்பது மிகக் கொஞ்சம். ஆனால் பாறையை வைத்துத் தண்ணீரைச் சொல்ல முடியாது. தண்ணீரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அதுவரை குடிக்க வேண்டாம்" என்றேன்.

"சரி" என்று மட்டும் சொன்னார். சாப்பிடாமல் போகக் கூடாது என்றும் சொன்னார். சாளைமீன் குழம்பு. அதை அப்போது என்னால் ருசித்துச் சாப்பிட முடியவில்லை என்பதுதான் குறை.

இரண்டு பாட்டில் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஆய்வகத்தில் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது: யுரேனியம் அனுமதித்த அளவுக்கு வெகு கீழே. உடனே பொன்னுத்தாய்க்குப் போன் செய்தேன். "அப்போ நாளைக்கே மிச்சத் தோண்டலயும் முடிச்சிருதோம். ஆனா டீச்சர், தண்ணி லேசா உப்புக் கரிக்கு. அதுக்கும் ஒரு மெஷின் வச்சிருக்கியளா?" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: யுரேனியம் தேடி எடுப்பது அரசுக்கு மட்டும் உரிய வேலை, நாம் செய்யக்கூடியது பார்ப்பது, அதிகபட்சம் அளப்பது. மணப்பாட்டுக் கறுப்பு மணலில் ஒரு பிடி கூட எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம். ஜனவரி, பிப்ரவரி நல்லது. அப்போதும் பதினோரு மணிக்கு மேல் தொப்பி இல்லாமல் முடியாது. உடன்குடியில் கருப்பட்டி வாங்குங்கள். கருவியோடு போகிறவர் என்றால் கல்லூரிக் கடிதம் பையில் இருக்கட்டும், நில உரிமையாளரிடம் என்ன தேடுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண் எவ்வளவு ஏறினாலும் மூன்று முறை அளக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். மேலே நிற்பவர்கள் குடிக்கப்போகிற தண்ணீர் அது.