அண்ணன் வீட்டுப் பந்தி

மூட்டுவலி மாத்திரை ஒரு குடும்பத்தைப் பிரித்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். என் மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நான் பொய் சொல்வதாகச் சொன்னார்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். அப்பா என் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அம்மாவையும் என்னையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அவருடைய மூத்த மகனுக்குத்தான் நான் என்று ஊரே பேசி வைத்திருந்தது. அம்மாவோ என்னை விருதுநகரில் ஒரு பருப்புக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். அவளுக்குப் பயம். பக்கத்துக் கம்பெனி ஷெட் வெடித்ததைக் கண்ணால் பார்த்தவளுக்கு அந்தத் தொழில் நடக்கிற வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மனசு வரவில்லை. அதை அண்ணனிடம் சொன்னால் அவர் தொழிலுக்கே அபசகுனம் என்று வாயையும் திறக்கவில்லை. தன் மகன் இளக்காரமாகப் போய்விட்டான் என்று மாமா எடுத்துக்கொண்டார். அத்தோடு பேச்சுவார்த்தை நின்றது. இதில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு அம்மா விருதுநகருக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். விரல் மூட்டெல்லாம் சுண்டைக்காயாக வீங்கி, முழங்கால் மடங்காமல் போயிற்று. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குறை சொல்லக் கூடாது, வலி நன்றாகவே விட்டது. தானே கொண்டை போட்டுக்கொண்டாள், படி இறங்கினாள். ஆனால் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். “மண்ணத் திங்கிற மாதிரி இருக்குத்தா” என்பாள். நான் என் சமையலைத்தான் சொல்கிறாள் என்று கோபித்துக்கொண்டு இரண்டு வேளை கிச்சடி கிண்டிப் போட்டேன். அதையும் தொடவில்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, “சிலருக்கு இந்த மாத்திரை பசியைக் கெடுக்கும். இவங்களுக்கும் அதுவா இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும்” என்றார்.

நிறுத்துவோமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் மாமா வந்து நின்றார். அந்த மகனுக்கு ஒருவழியாகப் பெண் அமைந்திருந்தது. கையில் வெற்றிலை பாக்கும் சாத்தூர் காராச்சேவும். அம்மா எழுந்த வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். நான் காபி கொண்டுவந்தேன். டம்ளரைக் கையால் ஒதுக்கினார்.

“மொதல்ல ஒங்காத்தா எங்க வீட்டுல வந்து கை நனைக்கட்டும். பெறகு நான் இங்கன சாப்பிடுதேன்.”

எங்கள் பக்கம் பகை தீர்ந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது. அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எத்தனை முறை கட்டிக்கொண்டு அழுதாலும் சாப்பிடாவிட்டால் கணக்கில் சேராது.

“வாறேண்ணே, வயிறு நெறயச் சாப்பிடுதேன்” என்றாள் அம்மா.

அவர் போனதும் மாத்திரையை நிறுத்தினாள். சில நாளிலேயே லேசாகப் பசி எடுத்தது. பழைய சோற்றுக்குத் துவையல் கேட்டாள். கூடவே முழங்காலும் வீங்கி, கொல்லைக்குப் போகக்கூட ஆள் தூக்க வேண்டியதாயிற்று. பஸ் ஏற வேண்டும், தரையில் சம்மணம் போட்டுப் பந்தியில் உட்கார வேண்டும். சாப்பிட வாய் வேண்டும், போய்ச் சேரக் கால் வேண்டும். அம்மா காலைத் தேர்ந்தெடுத்தாள். “அண்ணன் வீட்டுக்கு என்னைத் தூக்கிட்டா போவீக? ஒரு வாய் எப்படியாவது முழுங்கிருவேன்” என்று மாத்திரையைத் திரும்பப் போட ஆரம்பித்தாள்.

கல்யாணத்தன்று அவள் நடந்த நடையைப் பார்த்து மாமா வீட்டார் மெச்சிக்கொண்டார்கள். பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கம்பெனி ஆட்கள் பரிமாறிக்கொண்டு வந்தார்கள். அம்மா இலைக்கு மட்டும் மாமாவே வாளியை வாங்கிச் சோறு வைத்து, நெய் ஊற்றினார். அம்மா பிசைந்தாள். ஒரு கவளம் வாய்க்குப் போயிற்று. பக்கத்தில் இருந்த எனக்கு அவள் தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. சோறு இறங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நிறைந்த இலையை விட்டுவிட்டு எழுந்து வெளியே ஓடினாள். ஓட முடிந்தது, அதுதான் கொடுமை.

பந்தி மொத்தமும் பார்த்தது. நான் மாமாவிடம் போய் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

“முட்டிக்குத் திங்கிற மாத்திர வாயக் கட்டுமா? நல்லா நடந்து வந்தா, நல்லா ஒக்காந்தா. எஞ்சோறு மட்டும் எறங்கலயோ? ஆருகிட்ட கத விடுத? கூட்டிட்டுப் போ.”

அம்மா வேலியோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே அம்மா மாத்திரை டப்பாவைத் தெருவில் வீசினாள். நாளாவட்டத்தில் பசி வந்தது. கால் போயிற்று. “இப்ப என்னை அங்கன கொண்டு போ, சாப்பிட்டுக் காட்டுதேன்” என்று படுத்த இடத்திலிருந்து அரற்றுவாள். நான் சிவகாசிப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்த வீட்டிலிருந்து ஒரு பிடி சோறாவது கொடுத்து அனுப்பச் சொல் என்றாள். அதற்கும் பதில் இல்லை. எனக்கு மாமா மேல் வந்த வெறுப்பு இன்றைக்கும் போகவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அம்மா இறந்தாள். மாமா கோடிச் சேலையோடு வந்தார். முறைப்படி வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். குனிந்து, அரிசியை அள்ளித் தங்கை வாயில் போட்டார். வாய்க்கட்டு இறுக்கமாகக் கட்டியிருந்தது. அரிசி உதட்டில் நிற்காமல் கழுத்துப் பக்கம் உருண்டது. இன்னொரு தரம் போட்டார். அதுவும் உருண்டது.

“பாத்தீகளா, இன்னைக்கும் எங்கையால வாங்க மாட்டேங்கா” என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விக்கி விக்கி அழுதார்.

மாத்திரையைப் பற்றி அவரிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.